ஆண்டாய்வு முடிவுக்கு ஏ, பி, சி என்று தரம் போடலாமா? பெற்றோருக்கு எந்த வடிவில் சொல்வது?

பென்னாகரம் எஸ்எம்சி:

வணக்கம். எங்கள் பக்கத்தில் ஆறு ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்கள் சேர்ந்து ஒரு கோரிக்கை தயார் செய்கிறோம். வட்டாரக் கல்வி அலுவலர் ஆண்டாய்வு முடித்துப் போன பிறகு, அவர் கண்டது தலைமை ஆசிரியர் பீரோவிலேயே இருந்துவிடக் கூடாது. பெற்றோர் படிக்கிற மாதிரி ஒரு பக்கத் தாளாகப் பள்ளிச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். இதுதான் கோரிக்கை.

மாதிரித் தாளை நாங்களே எழுதிக் கொடுத்தால்தான் பேச்சு நகரும். அதில்தான் சிக்கல். குழுவில் பாதிப் பேர், "பள்ளிக்கு ஏ, பி, சி, டி என்று ஒரே எழுத்து போடுங்க, படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும்" என்கிறார்கள். மீதிப் பேருக்குப் பயம். சி விழுந்த பள்ளியிலிருந்து மறுநாளே பிள்ளைகளைத் தனியார் வேனில் ஏற்றிவிடுவார்கள், ஏற்கெனவே சேர்க்கை தேய்ந்து வருகிறது, அப்புறம் ஈராசிரியர் பள்ளியில் ஒரு ஆசிரியர்தான் மிஞ்சுவார் என்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகப் படுகிறது.

தரம் வேண்டுமா, வேண்டாமா? எல்லா மதிப்பெண்ணையும் கூட்டிச் சதவீதம் போடலாமா? 25, 30 பிள்ளைகள் இருக்கிற பள்ளியில் வாசிப்புத் திறனை எப்படி நியாயமாகக் காட்டுவது? தாளில் எந்த வரி எப்படி இருக்கணும் என்கிற அளவுக்குச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரும்பலகை:

கூட்டலை முதலில் கைவிடுங்கள். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஏழு தலைப்பு, தலைப்புக்கு 10 மதிப்பெண், மொத்தம் 70. ஆறு தலைப்பில் 9 வாங்கிய பள்ளி, பாதுகாப்பில் மட்டும் 0 வாங்கினாலும் 54 வரும். சதவீதத்தில் 77. கழிவுநீர்த் தொட்டி மூடி உடைந்து கிடக்கிற பள்ளிக்கு இப்படித்தான் 'ஏ' கிடைக்கும். பதிவேடுகள் அழகாக இருப்பதை வைத்து உடைந்த மூடியை ஈடுகட்ட முடியாது. ஆனால் கூட்டல் அதைத்தான் செய்கிறது.

ஆகவே பாதுகாப்பை மதிப்பெண்ணிலிருந்து முழுசாகப் பிரித்து, "சரி / சரியில்லை" என்று மட்டும் எழுதுங்கள். இதில் நடுத்தரம் கிடையாது. கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா, சுவிட்ச் பெட்டி திறந்து கிடக்கிறதா, கிணறு, தொட்டி மூடிகள், சத்துணவுக் கூடத்தில் சிலிண்டர் வைத்திருக்கும் இடம், கழிப்பறை, குடிநீர். ஒன்று "சரியில்லை" என்றாலும் அது தாளின் மேல்பகுதியிலேயே வரவேண்டும்.

குடிநீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் இதில்தான் படிவம் ஏமாற்றும். "குடிநீர் வசதி: உண்டு" என்று டிக் அடித்தால் முடிந்தது. குழாயில் வருவது ஒகேனக்கல் தண்ணீரா, போர் தண்ணீரா என்று யாரும் எழுதுவதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே காரணம் இங்குள்ள நிலத்தடி நீரின் ஃபுளோரைடு. இந்தியத் தரநிலையில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், அதாவது எட்டு வயது வரைக்கும், குடிக்கிற தண்ணீர்தான் பல்லில் கறையாகத் தங்குகிறது. தொடக்கப் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் அந்த வயதுதான். அதனால் வரி இப்படி இருக்கட்டும்: "குடிக்க எந்தத் தண்ணீர், சமைக்க எந்தத் தண்ணீர், ஒகேனக்கல் தண்ணீர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, வராத நாளில் என்ன செய்கிறார்கள், ஃபுளோரைடு கடைசியாகப் பார்த்த தேதி, அளவு." ஊராட்சியில் இருக்கும் களப் பரிசோதனைப் பெட்டியிலேயே ஃபுளோரைடு பார்க்கலாம். அளவு சந்தேகமாக இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம்.

கழிப்பறையும் அப்படித்தான். கட்டியது எத்தனை என்று எழுதுவதைவிட, ஆய்வு நாளில் காலை இடைவேளையில் பூட்டில்லாமல், தண்ணீரோடு திறந்திருந்தது எத்தனை என்று எழுதுங்கள். 40 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறையும் மூன்று சிறுநீர்ப் பிறைகளும் என்பது தூய்மைப் பள்ளித் திட்டத்தின் அளவு. ஆண், பெண் தனித்தனியாக எண்ண வேண்டும். பள்ளிகளை மதிப்பிட 2015இல் வந்த தேசிய அளவிலான ஷாலா சித்தி சட்டகத்தில் ஏழு களங்கள், 46 அடிப்படைத் தரங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. அதன் முதல் களத்தில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது: வசதி இருக்கிறதா என்பதற்கு ஒரு நிலை, அது பயன்படும் தரத்தில் இருக்கிறதா என்பதற்குத் தனியாக ஒரு நிலை. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து வாசிப்பு. சதவீதம் வேண்டவே வேண்டாம். வகுப்பில் 12 பேர் என்றால் ஒரு பிள்ளை 8.3 சதவீதம். இரண்டு பேர் அன்று காய்ச்சலில் வராவிட்டால் பள்ளியின் "தரம்" 17 புள்ளி வரை ஏறலாம் அல்லது இறங்கலாம். எண்ணிக்கையாகவே எழுதுங்கள். "பதிவில் 28, அன்று வந்தவர் 21, தனியாக வாசிக்கக் கேட்டது 21, பத்தியைத் தடுமாறாமல் வாசித்தவர் 13." நான்கு எண்ணும் வேண்டும். கடைசி இரண்டை மட்டும் போட்டால் வராத ஏழு பேர் மறைந்துவிடுவார்கள். நன்றாகப் படிக்காத பிள்ளையை ஆய்வு நாளில் வீட்டில் நிற்கச் சொல்கிற பழக்கத்துக்கும் அது கதவு திறந்துவிடும்.

ஐந்து பிள்ளைகளை மட்டும் எழுப்பிக் கேட்டு முடிவு சொல்வது இன்னொரு தவறு. 30 பேரில் சரியாகப் பாதிப் பேர் வாசிப்பவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கல் முறையில் 5 பேரை எடுத்தாலும், அதில் நாலோ ஐந்தோ வாசிப்பவர்களாக அமைய ஆறில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பள்ளி "மிக நன்று" ஆகிவிடும். அதே அளவு வாய்ப்பில் "மிக மோசம்" என்றும் ஆகலாம். ஆசிரியரே ஆளைத் தேர்ந்தெடுத்தால் கேட்கவே வேண்டாம். 15 பேர் வரை உள்ள வகுப்பில் எல்லோரையும் கேளுங்கள். ஆளுக்கு மூன்று நிமிடம், முக்கால் மணி நேரம். அதற்கு மேல் இருந்தால் வருகைப் பதிவேட்டு வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்று.

பத்தி பாடப்புத்தகத்தில் இருப்பதாக இருக்கக் கூடாது, மனப்பாடம் வந்துவிடும். எல்லோரும் சேர்ந்து வாசிக்கச் சொல்லவும் கூடாது. எழுத்து, சொல், வாக்கியம், பத்தி என்று நாலு படி போதும். எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் ஆசிரியர் வைத்திருக்கும், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாகப் பிரித்த பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் உடனே பொய் என்று எழுதிவிட வேண்டாம், ஆசிரியர் மதிப்பிட்ட தேதி எது என்று முதலில் கேட்க வேண்டும்.

சூளகிரி சந்தை:

கரும்பலகை சார் சொல்வது முறையானது, ஆனால் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். தாளில் இருபது எண்ணை அடுக்கினால் வேலைக்குப் போய்ட்டு ஏழு மணிக்கு வருகிற பெற்றோர் படிக்க மாட்டார்கள். நாம் ஒரு வரி கொடுக்காவிட்டால் டீக்கடையில் யாராவது ஒரு வரி கொடுத்துவிடுவார்கள். எழுத்துத் தரம் வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். மேலே மூன்று வாக்கியமாவது பெரிய எழுத்தில் இருக்கட்டும்: எது நன்றாக இருக்கிறது, எது உடனே சரியாக வேண்டும், போன ஆய்வுக்கும் இதற்கும் என்ன மாறியது. எண்களெல்லாம் கீழே. கிராம சபையில் ஒருவர் எழுந்து நின்று வாசித்தால் ஒரு நிமிடத்தில் முடிய வேண்டும். அதுதான் அளவு.

கெலவரப்பள்ளி:

ஒரே சொல்லில் தரம் போட்டுப் பல வருடம் பார்த்த நாடு இங்கிலாந்து. அங்கே என்ன ஆனது என்று தெரிந்துகொள்வது உங்கள் குழுவுக்கு நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஆஃப்ஸ்டெட் என்ற ஆய்வு அமைப்பு 1992இல் உருவானது. கடைசியாக இருந்த அளவுகோல் நாலு படி: தலைசிறந்தது, நன்று, மேம்பட வேண்டும், போதாது. பள்ளி வாசலில் துணிப் பதாகையாகவே கட்டிவிடுவார்கள். அந்த ஒரு சொல்லை வைத்து வீட்டு விலையைக்கூடப் பேசுவார்கள். ஒரு படி இறங்கினால் தலைமை ஆசிரியரின் வேலை ஆட்டம் காணும். 2023 ஜனவரியில் ஒரு தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆண்டு டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, ஆய்வு அதற்கு ஒரு காரணமாக இருந்தது என்று பதிவு செய்தார். 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு ஒட்டுமொத்தத் தரச் சொல் நிறுத்தப்பட்டது.

2025 நவம்பரிலிருந்து புதிய அறிக்கை அட்டை. சேர்த்துக்கொள்ளல், பாடத்திட்டமும் கற்பித்தலும், அடைவு, வருகையும் நடத்தையும், ஆளுமை வளர்ச்சியும் நலனும், தலைமையும் நிர்வாகமும் என்று ஆறு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து படி. பிள்ளைகளின் பாதுகாப்பு மட்டும் இந்தப் படிகளுக்குள் வராது, "நிறைவேறியது / நிறைவேறவில்லை" என்று தனியாக நிற்கும். மேலே கரும்பலகை சொன்னது அதேதான்.

ஆனால் இது தீர்ந்த பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தரத்தை எடுத்துவிட்டு ஆறு தரம் வைத்தால் அழுத்தம் ஆறு மடங்கு என்று அங்குள்ள ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. பக்கத்திலிருக்கும் வேல்ஸில் 2022இலேயே தரச் சொற்களை முழுசாக எடுத்துவிட்டு, பலமும் பரிந்துரையும் மட்டும் எழுதும் முறைக்குப் போய்விட்டார்கள். நம் சிறிய பள்ளிகளுக்கு வேல்ஸ் வழிதான் பொருந்தும் என்பது என் எண்ணம். ஐந்து படியைப் பிரித்துப் பார்க்கிற அளவுக்கு ஒரு நாள் ஆய்வில் சான்று கிடைக்காது.

இன்னொரு பாடம் தேதி பற்றியது. "தலைசிறந்தது" வாங்கிய பள்ளிகளுக்கு 2012 முதல் 2020 வரை வழக்கமான ஆய்விலிருந்து விலக்கு கொடுத்திருந்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் யாரும் எட்டிப் பார்க்காத பள்ளிகளும் அந்தச் சொல்லைத் தாங்கி நின்றன. அதனால் தாளின் தலைப்பிலேயே ஆய்வுத் தேதியும், "இந்தத் தாள் எந்த நாள் வரை செல்லும்" என்பதும் இருக்கட்டும். வெளியிடும் முன் தலைமை ஆசிரியர் பார்த்து, உண்மைப் பிழை இருந்தால் எழுத்தில் சொல்ல ஏழு நாள் கொடுங்கள். வரைவைப் பள்ளிக்குக் காட்டுவது அங்கும் உண்டு.

பென்னாகரம் எஸ்எம்சி:

ரொம்ப நன்றி. எழுத்துத் தரம் வேண்டாம் என்பதில் இப்போது எனக்கே தெளிவு வந்துவிட்டது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. எங்கள் ஆறு பள்ளியில் இரண்டில் ஒரு பணியிடம் காலி. ஒன்றில் பொங்கலுக்குப் பிறகு செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விடுவார்கள், ஜூனில்தான் திரும்புவார்கள். இப்படிப்பட்ட பள்ளியில் வாசிப்பு எண்ணிக்கை குறைந்தால், இருக்கிற ஒரு ஆசிரியர் மேல்தானே பழி விழும்?

தளி மலைப்பாதை:

அக்கா, அந்தப் பழி விழாமல் இருக்க ஒரே வழி, ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் "யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள்" என்று எழுதுவதுதான். அந்தக் கட்டம் இல்லாத ஆய்வறிக்கை, துறையின் குறையையும் பள்ளியின் கணக்கில் எழுதிவிடும். என்னைக் கேட்டால் தாளிலேயே முக்கியமான கட்டம் இது.

மூன்று பேர்தான்: பள்ளி, ஊராட்சி அல்லது ஒன்றியம், கல்வித் துறை. எது யாருடையது என்பதில் குழப்பம் வரும், அதனால் உதாரணத்தோடு சொல்கிறேன். ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடம் ஒன்றியத்தின் சொத்து, கூரைப் பழுது வட்டார வளர்ச்சி அலுவலர் பெயரில் போக வேண்டும். கரும்பலகைக்குச் சாயம், சுவிட்ச், குழாய்த் திருகு இவை பள்ளி மானியத்தில் முடிகிற வேலை. பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்ட விதிப்படி 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000 ரூபாய், அதில் 10 சதவீதமாவது தூய்மைக்கு. 28 பிள்ளைகள் படிக்கிற பள்ளியிடம் போய்ச் சுற்றுச்சுவர் ஏன் கட்டவில்லை என்று எழுதுவது அர்த்தமற்றது.

ஆசிரியர் வரியில் மூன்று எண் வேண்டும்: அனுமதித்த பணியிடம், நிரப்பியது, ஆய்வு நாளில் வகுப்பில் நின்றவர். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்பதே சட்டத்தின் அளவு, அதனால் காகிதத்தில் "பற்றாக்குறை இல்லை" என்று வரும். அதில் ஒருவர் பயிற்சிக்கோ மாற்றுப் பணிக்கோ போனால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஒரு பள்ளியில் காலியிடம் அனுமதித்த எண்ணிக்கையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இரண்டு பணியிடப் பள்ளியில் ஒன்று காலி என்றால் 50 சதவீதம். இந்த வரியைப் பிரிவு எண்ணோடு எழுதி, எதிரே "கல்வித் துறை" என்று போடுங்கள். எத்தனை மாதமாகக் காலி என்பதும் வேண்டும்.

இடம்பெயர்வுக்கு: ஒரே ஒரு மாதத்தின் வருகையைப் போடாதீர்கள். ஜூலை, நவம்பர், பிப்ரவரி மூன்று மாத வருகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் சூளைக்குப் போகிற ஊரா, ஆசிரியர் கவனிக்காத பள்ளியா என்று பார்த்ததும் தெரியும். பிப்ரவரியில் மட்டும் சரிந்தால் அங்கே தேவை பருவகால விடுதியோ, போன இடத்தில் பள்ளிச் சேர்க்கையோதான். ஆசிரியருக்கு மெமோ கொடுத்து அது தீராது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய்ப் பருவத்தையும் இப்படியே பார்க்க வேண்டும்.

வீட்டுமொழியையும் விட்டுவிடாதீர்கள். சூளகிரி, வேப்பனப்பள்ளி, கெலமங்கலம், தளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் படிக்கத் தொடங்குகிற பிள்ளைகள் நிறைய. அவர்களின் முதல் வகுப்பு வாசிப்பைப் பாப்பாரப்பட்டி முதல் வகுப்போடு ஒப்பிட்டால் ஆசிரியரின் உழைப்பு தெரியாது. ஆண்டுத் தொடக்கத்தில் எந்தப் படியில் எத்தனை பேர், ஆய்வு நாளில் எந்தப் படியில் எத்தனை பேர் என்று இரண்டு வரி போட்டால் நகர்வு தெரியும். எங்கள் பக்கம் தாளையே அந்தந்த மொழியிலும் அச்சிட வேண்டியிருக்கும்.

அதியமான் கோட்டை:

வெளியிடுவது பற்றி. ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லை, இப்போதே ஆண்டாய்வு அறிக்கையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 6(1) பிரிவில் கேட்கலாம். வட்டாரக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, 30 நாளில் பதில். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் 19(1) பிரிவில் முதல் மேல்முறையீடு. "ஆய்வு பற்றிய விவரம் தருக" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். பள்ளியின் யுடைஸ் எண் (ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள அடையாள எண்), கல்வியாண்டு, "ஆய்வு அறிக்கையின் நகல், குறை நிவர்த்தி அறிக்கையின் நகல்" என்று தனித்தனி வரியாகக் கேளுங்கள். ஆசிரியரின் தனிப்பட்ட விவரங்களை மறைத்துவிட்டுத் தரச் சொல்ல 10ஆம் பிரிவு இருக்கிறது, அதையும் மனுவிலேயே குறிப்பிட்டால் முழுசாக மறுக்கிற சாக்கு குறையும்.

சுவரில் ஒட்டும் தாளில் பிள்ளைகள் பெயர் கூடவே கூடாது. பெயர் இல்லாமலும் அடையாளம் தெரியும், கவனம். நான்காம் வகுப்பில் மூன்று பேர்தான், "வாசிக்காதவர் 1" என்றால் ஊருக்கே தெரியும் யாரென்று. ஐந்து பேருக்குக் குறைவான வகுப்பைப் பக்கத்து வகுப்போடு சேர்த்து எழுதுங்கள். ஈராசிரியர் பள்ளியில் வகுப்புவாரியாகப் போட்டால் ஆசிரியருக்கும் அதே கதிதான். அதனால் சுவருக்குப் பள்ளி மொத்தம், வகுப்புவாரி எண் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு மட்டும்.

கரும்பலகை:

சூளகிரி சந்தை சொன்ன மூன்று வாக்கியத்தை ஒப்புக்கொள்கிறேன், தலைப்புக்கு அடுத்து அதுதான் வரவேண்டும். எல்லோரும் சொன்னதைச் சேர்த்து ஒரு மாதிரி. எண்கள் கற்பனை.

"ஆய்வு நாள் 14.11. அடுத்த ஆண்டாய்வு வரை செல்லும். தலைமை ஆசிரியர் பார்த்தது 21.11.

நன்றாக இருப்பது: பதிவில் 28, அன்று வந்தவர் 21, தனியாக வாசிக்கக் கேட்டது 21, அதில் 13 பேர் புதிய பத்தியைத் தடுமாறாமல் வாசித்தார்கள், ஜூனில் இது 6. உடனே சரியாக வேண்டியது: கழிவுநீர்த் தொட்டி மூடி உடைந்திருக்கிறது. போன ஆய்விலிருந்து மாறாதது: ஒரு ஆசிரியர் பணியிடம் 14 மாதமாகக் காலி.

பாதுகாப்பு: கூரை சரி. மின்சாரம் சரி. தொட்டி மூடி சரியில்லை. பெண்கள் கழிப்பறை 2, திறந்திருந்தது 1. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், வாரம் 4 நாள். மற்ற நாளில் போர் தண்ணீர், ஃபுளோரைடு பரிசோதிக்கவில்லை.

செய்ய வேண்டியவர்: மூடி, ஒன்றியம், 7 நாள். அதுவரை கயிறு கட்டி மறிப்பது, பள்ளி, இன்றே. ஃபுளோரைடு பரிசோதனை, ஊராட்சி, 15 நாள். பணியிடம், கல்வித் துறை, கல்வி உரிமைச் சட்டப் பிரிவு 26. தனியாக வாசிப்புப் பயிற்சி தேவைப்படும் 8 பேர், பள்ளி, பிப்ரவரியில் மறுபடி கேட்கப்படும்."

இவ்வளவுதான், ஏ4 தாளில் ஒரு பக்கம் வரும். கீழே ஒரு கட்டம் காலியாக விடுங்கள். 90 நாள் கழித்து ஆசிரியர் பயிற்றுநரும் மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து போய், ஒவ்வொரு வேலைக்கு நேராகவும் "முடிந்தது / முடியவில்லை" என்று பேனாவால் எழுதிக் கையெழுத்திட அந்த இடம். முடியாததை அப்படியே பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் ஏற்றுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி அந்தத் திட்டத்தைத் தயாரிப்பது மேலாண்மைக் குழுவின் வேலை, அரசின் திட்டத்துக்கும் மானியத்துக்கும் அதுதான் அடிப்படை.

பென்னாகரம் எஸ்எம்சி:

இதையே வைத்து எழுதுகிறேன். ஜனவரி 26 கிராம சபைக்கு முன்னால் ஆறு குழுவிலும் தீர்மானம் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் நகல் கொடுக்கிறோம். களப் பரிசோதனைப் பெட்டி எங்கள் ஊராட்சியில் இருக்கிறதா என்று நாளைக்கே கேட்டுவிடுகிறேன், அதற்கு ஆய்வு வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.